நீல நிற யுஎஸ்பி போர்ட்: 12 ஆண்டு அனுபவம்

2012 கடைசியில் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய கணினி இன்னும் எங்கள் தோ பாயோ வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மதர்போர்டில் இருப்பது இன்டெல் 7 வரிசை சிப்செட் (கணினியின் பாகங்களை இணைக்கும் சில்லு). அந்த வரிசையில்தான் இன்டெல் முதன்முதலாக, பழைய 2.0-ஐவிட வேகமான யுஎஸ்பி 3.0-ஐ சிப்செட்டிலேயே கொடுத்தது. அதற்காகவே காத்திருந்து வாங்கினேன்.

விண்டோஸ் 7 போட்டேன். அப்பா எடுத்த தைப்பூச, தீபாவளி வீடியோக்கள் 200 ஜிபி இருந்தன. வெளி ஹார்ட் டிஸ்கை 3.0-க்கான நீலப் போர்ட்டில்தான் செருகினேன், ஆனாலும் விநாடிக்கு 35 எம்பிக்கு மேல் ஏறவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். டிஸ்க்தான் கோளாறு என்று கடைக்கே எடுத்துப்போய்விட்டேன். பாவம், டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது.

அந்த மதர்போர்டில் யுஎஸ்பி போர்ட்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர்கள் இரண்டு உண்டு. 2.0-க்கு இஹெச்சிஐ, 3.0-க்கு எக்ஸ்ஹெச்சிஐ. பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) 'ஆட்டோ' என்றிருந்தால் நீலப் போர்ட்டுகள் முதலில் இஹெச்சிஐயிடம் இருக்கும். எக்ஸ்ஹெச்சிஐயை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறிய பிறகுதான் அவை கைமாறும். விண்டோஸ் 7 வந்தது 2009-இல், அதில் அந்த டிரைவர் இல்லை. விண்டோஸ் 8-இல்தான் சேர்த்தார்கள். மதர்போர்டோடு வந்த சிடியைத் தேடி எடுத்து டிரைவரைப் போட்டதும் அதே டிஸ்க் 100 எம்பியைத் தொட்டது.

பிறகு லினக்ஸுக்கு மாறினேன். 2009-இல் வந்த 2.6.31 கெர்னலிலிருந்தே (லினக்ஸின் மையப்பகுதி) எக்ஸ்ஹெச்சிஐ ஆதரவு இருப்பதால் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது 'எல்எஸ்யுஎஸ்பி -டி' (lsusb -t) கட்டளை. எந்தச் சாதனம் 5000, எது 480, எது 12 மெகாபிட்டில் ஓடுகிறது என்று மரம்போல் விரித்துக் காட்டிவிடும். 3.0 டிஸ்க் 2.0-இன் வேகமான 480 என்று காட்டினால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளை. 3.0-க்கான கம்பிகள் பழைய 2.0 ஜோடியிலிருந்து தனி. அவை சரியாகப் பொருந்தாவிட்டால் டிஸ்க் சத்தமில்லாமல் 2.0-க்கு இறங்கிவிடும். கழற்றி அழுத்திச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

2016-இல் ஈசூனில் அக்கா நடத்தும் துணைப்பாட நிலையத்துக்குப் இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறைச் சில்லு உள்ள புதிய கணினி வாங்கினோம். பழைய மென்பொருளுக்காக விண்டோஸ் 7 வேண்டும் என்றார். நிறுவும் திரை வந்ததும் கீபோர்டும் மவுஸும் செத்துவிட்டன.

"பயாஸ்ல வேலை செஞ்சுதே தம்பி, இப்ப என்ன ஆச்சு?"

அந்தத் தலைமுறையில் இஹெச்சிஐயையே எடுத்துவிட்டார்கள். 1.5 மெகாபிட் கீபோர்டு முதல் 5 ஜிகாபிட் டிஸ்க் வரை எல்லாவற்றையும் எக்ஸ்ஹெச்சிஐ ஒன்றே பார்த்துக்கொள்கிறது. நல்ல வடிவமைப்பு, ஆனால் அதன் டிரைவர் இல்லையென்றால் கீபோர்டுகூடக் கிடையாது. வீட்டுக் கணினியில் நிறுவல் கோப்புகளுக்குள் டிரைவரைச் சேர்த்துக் கொண்டுபோன பிறகுதான் வேலை முடிந்தது.

இயங்குதளத்தால் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. 3.0 டிஸ்க் ஓடும்போது பக்கத்துப் போர்ட்டில் ரிசீவர் செருகியிருந்த வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறியது. 3.0-இன் இரைச்சல் மவுஸின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. ரிசீவரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் மேசையின் முன்பக்கம் கொண்டுவந்து வைத்தேன். மூன்று ஆண்டுகளாக அங்கேயேதான் இருக்கிறது.