சேகரிக்க எது: பழைய கண்ணாடி மருந்துப் புட்டியா, பீங்கான் மருந்து ஜாடியா?

விலை: புட்டி கைக்கு அடங்கும், நல்ல பழைய ஜாடிக்குப் பன்மடங்கு ஆகும். சிங்கப்பூரின் பழம்பொருள் சந்தையான சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்பட்டபின் இரண்டையுமே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பராமரிப்பு: நம் ஈரக்காற்றில் புட்டியின் காகித லேபிள் பூஞ்சை பிடிக்கும். ஜாடியின் மெருகு விரிசல் விட்டாலோ, உள்ளே இறங்கும் கறை எளிதில் போகாது.

அசலை அறிதல்: இதில் புட்டிக்கே என் ஓட்டு. அச்சுக்கோடு (வார்ப்பு அச்சின் இணைப்பு கண்ணாடியில் விட்ட கோடு) வாய் விளிம்புவரை ஓடினால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு இயந்திரத் தயாரிப்பு. கழுத்திலேயே நின்றால் வாயைக் கையால் முடித்திருக்கலாம். இருட்டிலும் விரல் எச்சரிக்கும்படி வரிவரியாக வார்த்த நீல நஞ்சுப் புட்டிகள் எவ்வளவு அக்கறையான வேலை! ஜாடியிலோ அலங்கார நகல்கள் ஏராளம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரே அலமாரித் தட்டுதான் என்றால் புட்டி வாங்குங்கள். கண்ணாடி அலமாரியும் பொறுமையும் இருந்தால் ஜாடி.