வட்டமா, உருண்டையா? மாட்டையும் மனிதரையும் வரையப் பழக நான்கு வழிகள்

பக்கவாட்டில் நிற்கும் மாட்டை யாரும் ஓரளவுக்கு வரைந்துவிடலாம். நீளமாக ஓர் உடம்பு, நாலு கால், வால், கொம்பு போதும். பார்க்கிறவர் மாடு என்று சொல்லிவிடுவார். அதே மாடு தெருவோரம் படுத்து அசைபோடுகிறது, நீங்கள் அதன் தலைப்பக்கம் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உடம்பு பாதி தலைக்குப் பின்னால் மறைந்துவிடும். முன்னங்கால்கள் மார்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். பின்னங்கால் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்றே பிடிபடாது. எந்த வழியில் வரையப் பழகுவது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மாட்டைத்தான் காட்டுவேன். புழக்கத்தில் இருக்கும் நான்கு வழிகளையும் இதன் முன்னால் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில், குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தரும் புத்தகங்களில் வரும் வழி. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு முட்டை, அப்புறம் காது, கண், வால். ஐந்து வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் ஒரு பூனையை வரைந்து அம்மாவிடம் ஓடிக் காட்டும். அந்த மகிழ்ச்சிக்காகவே இந்த வழி இருக்கட்டும். ஆனால் பத்துப் படம் கற்றால் பத்துப் படம்தான் தெரியும். பூனை திரும்பி உட்கார்ந்தால் அதற்குப் புதிதாக ஒரு பாடம் வேண்டும். வட்டத்துக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. அதைத் திருப்ப முடியாது.

இரண்டாவது, கட்டம் போட்டு வரைவது. சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அப்படியே பெயர்ப்பது. சென்னையில் சினிமா பேனர் எழுதியவர்கள் உள்ளங்கை அளவுப் படத்தை இப்படித்தான் ஆள் உயரத்துக்கும் மேலே கொண்டுபோனார்கள். பெரிதாக்கவும் முகச்சாயல் பிசகாமல் வரவும் இது அருமையான வழி. கற்றுக்கொள்ள அல்ல. கட்டத்துக்குள் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதைத்தான் கண் பழகுகிறதே தவிர, மாட்டைப் பழகுவதில்லை. போனை மிக அருகில் பிடித்து எடுத்த படத்தில் மாட்டின் மூக்கு பூதாகாரமாக இருந்தால், கட்டம் அதையும் விசுவாசமாகப் பெயர்த்துக் கொடுக்கும்.

மூன்றாவது, விளிம்பைக் கண்ணால் தொட்டு வரைவது. இதன்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் பள்ளியில் பாடம் நடத்திய கிமோன் நிக்கொலாய்டிஸ், தாளைப் பார்க்காமல் உருவத்தையே பார்க்கச் சொன்னார். பென்சில் முனை அந்த உடம்பின் மேலேயே ஊர்வதாக நினைத்து வரையச் சொன்னார். ஒரு மாதம் இப்படிச் செய்தால், ‘கண் என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று மனதில் பதிந்திருக்கும் பொம்மைக் கண் கழன்றுவிடும், எதிரே இருக்கும் கண் தெரியும். படுத்திருக்கும் மாட்டையும் இந்த வழியில் நன்றாக வரையலாம், அது அசையாத வரை. வாலை வீசித் தலையைத் திருப்பினால், பாதி வரைந்த கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான்காவது, பெட்டி, உருளை, உருண்டை போன்ற கன வடிவங்களாகப் பிரித்து வரைவது. அதற்கு இங்கேதான் வேலை. அதே ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக்கில் பல ஆண்டுகள் கற்பித்த ஜார்ஜ் பிரிட்ஜ்மன், உடம்பைப் பெட்டிகளாகவும் ஆப்புகளாகவும் பிரித்துக் காட்டினார். இது அவர் புதிதாகக் கண்டதும் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவின் லூகா காம்பியாசோ, கூட்டம் கூட்டமாக மனிதர்களை வெறும் பெட்டிகளாகவே வரைந்திருக்கிறார். கண், மூக்கு எதுவும் இல்லாத அந்தப் பெட்டி மனிதர்களில் யார் குனிகிறார், யார் திரும்புகிறார் என்பது பளிச்சென்று தெரியும்.

வட்டத்துக்குப் பதில் உருண்டை, சதுரத்துக்குப் பதில் பெட்டி, இரண்டு கோட்டுக்குப் பதில் உருளை. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. கையில் வளையல் போட்ட ஒருவரைப் பாருங்கள். முன்கை உங்களை நோக்கி வரும்போது வளையல் ஒரு பக்கம் வளைந்து தெரியும். விலகிப் போகும்போது எதிர்ப்பக்கம் வளையும். நேராக உங்களை நோக்கி நீட்டினால் கிட்டத்தட்ட முழு வட்டமாக விரியும். அந்த ஒரு வளைவு போதும், கை எந்தத் திசையில் போகிறது என்று தாளில் சொல்லிவிடலாம். மாட்டின் கழுத்துக் கயிறும் அதையே செய்கிறது.

சரி, நம் மாட்டுக்கு வருவோம். தலை ஒரு ஆப்பு, விலாக்கூடு ஒரு பீப்பாய், இடுப்பு ஒரு பெட்டி. படுக்கும்போது பீப்பாய் மார்புப் பக்கமாகத் தரையில் அமர்கிறது. பின்னங்கால்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீள்வதால் இடுப்புப் பெட்டியும் அந்தப் பக்கம் சாய்கிறது. பீப்பாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முறுக்கு உண்டாகிறது. விளிம்பை மட்டும் பார்த்து வரைகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த முறுக்கைத்தான்.

இந்த வழியில் இன்னொரு பெரிய வசதி, மனிதருக்குக் கற்றது மாட்டுக்கும் உதவும். மாட்டின் பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது முழங்கால் அல்ல, நம் குதிகால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றோரம் இருக்கிறது. முன்னங்காலில் ‘முட்டி’ என்று நாம் சொல்வது மணிக்கட்டு. குளம்பு இரண்டு விரல்களின் நகம். உருளைகளின் நீளத்தை மாற்றிப் போட்டால் மனிதக் கால் மாட்டுக் காலாகிவிடும். ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும்: மாட்டுக்குக் காறை எலும்பு, அதாவது மார்பையும் தோளையும் இணைக்கும் எலும்பு, கிடையாது. அதன் விலாக்கூடு இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசையால் தொங்குகிறது. அதனால்தான் நடக்கும்போது தோள்கள் மேலும் கீழும் அசைகின்றன.

குறைகளும் இருக்கின்றன. பெட்டியும் உருளையும் மட்டுமே வரைந்தால் மனிதர் மரப்பாச்சி ஆகிவிடுவார். அதனால் பெட்டிக்கு முன்னால், தலையிலிருந்து பாதம் வரை ஓடும் அசைவை ஒரே கோட்டில் பிடிக்க வேண்டும். அளவையும் கன வடிவம் தானாகச் சொல்லித் தராது. வளர்ந்தவரின் உயரம் அவர் தலையின் உயரத்தைப் போல் சுமார் ஏழரை மடங்கு, ஒரு வயதுக் குழந்தைக்குச் சுமார் நான்கு மடங்கு என்பதைத் தனியாகத்தான் கற்க வேண்டும். முகச்சாயலுக்கு இதைவிட மூன்றாவது வழியே மேல். ஆரம்ப வாரங்கள் சலிப்பாக இருக்கும் என்பதும் உண்மை. தீப்பெட்டியை எல்லாக் கோணத்திலும் வரைந்துகொண்டிருக்கும்போது மாடு வெகு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்.

என் தேர்வு இதுதான். சிறு பிள்ளைகளுக்கு வட்டமும் முட்டையும், கூடவே கையில் கொஞ்சம் களிமண். ஒருவரின் முகத்தை மட்டும் அச்சு அசலாக வரைந்து பரிசளிக்க வேண்டும் என்றால் கட்டம். படக்கதை, அனிமேஷன், மனதில் தோன்றுவதை வரைவது என்று ஆசைப்படுகிறவர்களுக்குக் கன வடிவம்தான், தயக்கமே வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விளிம்புப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், கண் மழுங்காமல் இருக்கும்.

நாலைந்து மாதம் கழித்து அதே மாட்டிடம் போங்கள். குதிரை முன்னங்காலை ஊன்றி எழும். மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். ஒரு நொடி இடுப்பு உயரத்திலும் தலை தாழ்ந்தும் முன்முட்டி மண்ணிலுமாக நிற்கும். போட்டோ எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து, அந்த நொடியில் நீங்கள் அதன் பின்னால் நின்றிருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று வரைந்து பாருங்கள்.