கென்யாவா, தான்சானியாவா? நுழைவுச் சீட்டில் ஓடும் கடிகாரம்

பிப்ரவரியில் தான்சானியாவுக்கு வனவிலங்கு சஃபாரி போய்வந்த படங்களைப் பார்த்துவிட்டு என் மச்சினன் கேட்டான்: "கென்யாவுக்கே போயிருக்கலாமே அத்தான், சல்லிசா முடிஞ்சிருக்குமே?" அவனும் குடும்பத்தோடு கிளம்பும் யோசனையில் இருக்கிறான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இரண்டு நாடுகளுக்கும் போயிருக்கிறேன். கென்யா ஆறு வருஷத்துக்கு முன்பு, நண்பர்களோடு, ஐந்து இரவுகள். தான்சானியா இப்போது, வீட்டில் நாலு பேர், ஏழு இரவுகள். என் சாய்வு தான்சானியா பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை இரண்டு பக்கமும் உண்டு. கென்யாவுக்கு 2024 முதல் விசா இல்லை, இணையத்தில் முன்அனுமதி வாங்கினால் போதும். தான்சானியா விசா 50 டாலர். பிளாஸ்டிக் பை இரண்டு நாட்டிலும் தடை, பெட்டி கட்டும்போதே எடுத்துவிடுங்கள். கென்யா போய் வந்தால் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் அட்டை கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

"ரெண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. வரைபடத்தில் கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒரே புல்வெளிதான். ஆனால் அந்த இடத்தில் சுற்றுலா வண்டி எல்லை தாண்ட முடியாது. மேற்கே இசெபானியா வழியாகவோ கிழக்கே நமாங்கா வழியாகவோ சுற்ற வேண்டும். ஒரு வாரப் பயணத்தில் அதற்கு ஒரு நாள் முழுசாகப் போய்விடும்.

ஏரிகள்தான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கென்யா. நைரோபியிலிருந்து 160 கிலோமீட்டருக்குள் நைவாஷா, நகுரு இரண்டும் வந்துவிடும். நைவாஷா நன்னீர் ஏரி. படகில் போகும்போது பத்தடி தள்ளி நீர்யானையின் காது மட்டும் தண்ணீருக்கு மேலே துடிக்கும். படகுக்காரர் ஒரு மீனை எடுத்து விசில் அடித்துக்கொண்டே வீசுவார், மரத்திலிருந்து கழுகு இறங்கி அள்ளிக்கொண்டு போகும். காசுக்காக நடக்கும் காட்சிதான், இருந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். நகுரு பூங்கா 188 சதுர கிலோமீட்டர்தான், சுற்றிலும் வேலி. அதனால் காண்டாமிருகம், கறுப்பு வெள்ளை இரண்டு இனமும், கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். பழைய படங்களில் கரையெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்குமே, அந்தப் பூநாரைக் கூட்டத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஏரியில் தண்ணீர் ஏறி உப்பும் காரத்தன்மையும் குறைந்ததால் அவை தின்னும் பாசி குறைந்துவிட்டது. பெரும்பாலானவை பொகோரியா போன்ற ஏரிகளுக்கு நகர்ந்துவிட்டன. நாங்கள் பார்த்தது ஒரு சிறு கூட்டமும், இடுப்பளவு தண்ணீரில் பட்டுப்போய் நிற்கும் மரங்களும்தான்.

தான்சானியாவில் மன்யாரா ஏரி இருக்கிறது, அழகான காடு, ஆனால் அரை நாளில் அலுத்துவிட்டது. தராங்கிரே பூங்கா வேறு ரகம். பொந்தன்புளி (பாவோபாப்) மரங்களுக்கு நடுவே யானைக் குடும்பங்கள். செட்சி ஈ கடிக்கும், நீலமும் கறுப்பும் உடுத்தினால் தேடி வந்து கடிக்கும்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். நுழைவுச் சீட்டு எத்தனை மணி நேரம் செல்லும் என்பதுதான் அது. விளம்பரத் தாளில் "அனைத்துக் கட்டணமும் உட்பட" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியில்தான் உங்கள் காலைகளும் மாலைகளும் அடங்கியிருக்கின்றன. விலங்கு நடமாடுவது விடிந்த மூன்று மணி நேரமும், சாயும் இரண்டு மணி நேரமும். நடுப்பகலில் சிங்கம் தூங்கும், நாமும் தூங்கி வழிவோம்.

நான் மாரா போனபோது சீட்டு 24 மணி நேரத்துக்கு. நகுருவிலிருந்து அடித்துப்பிடித்து வந்து வாசலைத் தொட்டபோது மணி மூன்றரை. கவலைப்படவில்லை, மறுநாள் மூன்றரை வரை அதே சீட்டு செல்லும். 2024-இல் அது மாறிவிட்டது. இப்போது காலை 6 முதல் மாலை 6 வரைதான். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஜூலை முதல் டிசம்பருக்குள் அதே மூன்றரைக்குப் போய் நின்றால் இரண்டரை மணி நேரத்துக்கு 200 டாலர் அழ வேண்டும். பூங்காவுக்கு வெளியே தங்கிக்கொண்டு ஒரு மாலை, ஒரு முழு நாள், ஒரு காலை என்று பார்த்தால் மூன்று சீட்டு, 600 டாலர். உள்ளே தங்கினால் கிளம்பும் நாளில் காலை 10 மணி வரை விடுவார்கள், அதனால் இரண்டு சீட்டில் முடியும். ஆனால் உள்ளே இருக்கும் விடுதிகளின் வாடகை வேறு கதை.

செரெங்கெட்டியில் இன்னும் 24 மணி நேரக் கணக்குதான், ஒருமுறை மட்டுமே நுழையலாம். வரியோடு ஒரு நாளுக்கு 82 டாலர் சொச்சம். நாபி ஹில் வாசலில் எங்கள் சீட்டில் விழுந்த நேரம் 12:40. இரண்டு நாள் சீட்டு, ஆக மூன்றாம் நாள் 12:40 வரை. இரண்டு மாலை, இரண்டு காலை, எதிலும் அரைகுறை இல்லை. மாராவில் மூன்று சீட்டுக்குக் கிடைப்பது இங்கே இரண்டு சீட்டுக்குக் கிடைத்தது.

கடிகாரம் இங்கேயும் கழுத்தைப் பிடிக்கும். கிளம்பும் நாளில் வாசலுக்குக் கொஞ்ச தூரம் முன்பு, சாலையோரம் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி, மூன்று குட்டிகளோடு. ஓட்டுநர் வண்டியை அணைத்தார். குட்டிகளின் முதுகில் இன்னும் சாம்பல் நிறப் பஞ்சு முடி. ஒன்று தாயின் வாலைப் பிடித்துக் கடிக்க, தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாலை இந்தப் பக்கம் போட்டது. மணி 12:05. என் மகள் மூச்சே விடவில்லை. ஓட்டுநர் ஒரு கண் குட்டிகள் மேல், ஒரு கண் கைக்கடிகாரத்தின் மேல். பத்து நிமிஷம் கொடுத்தார். அப்புறம் "ட்வெண்டே" என்றார், போகலாம் என்று அர்த்தம். அந்தத் தகரக் கூரை போன்ற மண் சாலையில் பல் ஆட வந்து சேர்ந்தபோது 12:34. காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் கவுன்டருக்கு ஓடினார், பாருங்கள், அதை மறக்க மாட்டேன். பிந்தியிருந்தால் நாலு பேருக்கும் இன்னொரு நாள் கட்டணம், 330 டாலர்.

அடுத்த கணக்கு இங்கோரோங்கோரோ, நடுவே பெரிய எரிமலைப் பள்ளம் உள்ள காப்புப் பகுதி. செரெங்கெட்டிக்குப் போகவும் வரவும் அதன் எல்லைக்குள்தான் பாதை, இரண்டு முறையும் தலைக்கு 71 டாலர் கட்ட வேண்டும். வெறும் சாலைக்கா என்று எனக்கும் எரிச்சல் வந்தது. எங்கள் ஓட்டுநர்தான் வழி சொன்னார். திரும்பும்போது கராட்டு ஊருக்கு இறங்கிவிடாமல் பள்ளத்தின் விளிம்பிலேயே ஓர் இரவு தங்கினால், அதே சீட்டில் மறுநாள் காலை பள்ளத்துக்குள் இறங்கலாம். விளிம்பு 2,300 மீட்டர் உயரம், குளிர் நடுக்கிவிட்டது. படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள், வைத்த மகராசனுக்குப் புண்ணியம். விடியற்காலை 600 மீட்டர் கீழே இறங்கினோம். எருமைக் கூட்டம், தொலைவில் புள்ளியாக ஒரு கறுப்புக் காண்டாமிருகம், நகுருவில் தவறவிட்ட பூநாரைகள் இங்கே உப்பேரி ஓரத்தில். நீர்யானைக் குளத்தருகே டிபன் பெட்டியைத் திறந்ததும் பருந்து ஒன்று மனைவியின் கையிலிருந்த கோழித் துண்டோடு போய்விட்டது. வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பள்ளத்தில் இறங்க வண்டிக்கு 295 டாலர் தனி. நாலு பேர் பங்கிட்டால் தாங்கும், இருவர் மட்டும் என்றால் வலிக்கும்.

கூட்டினால் செரெங்கெட்டியும் இங்கோரோங்கோரோவும் தலைக்கு ஏறத்தாழ 380 டாலர், விடுதிக்கான தங்கும் வரி சேர்க்காமல். ஜூலை முதல் மாராவின் 600-க்கு முன் இது லாபம், உள்ளே தங்கி 400-இல் முடிப்பவருக்கு ஏறக்குறைய சமம். ஜூன் வரை மாராவில் மூன்று சீட்டே 300-தான். மச்சினன் சொன்ன "சல்லிசு" அந்த மாதங்களில் உண்மை.

வண்டியிலும் வித்தியாசம் உண்டு. கென்யாவில் விலை குறைத்துக் கேட்டால் கூரை தூக்கும் வேன் தருவார்கள். ஒரு முறை சேற்றில் இறங்கித் தள்ளினோம். தான்சானியாவில் எங்களுக்கு லேண்ட் குரூசர்.

வில்டெபீஸ்ட் என்னும் மாடு போன்ற மான்களின் மந்தை மாரா ஆற்றைத் தாண்டுவதை நான் நேரில் பார்த்ததில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை அது நடக்கும், மாரா கரையிலும் செரெங்கெட்டியின் வடகோடியிலும். அதுதான் வேண்டும் என்பவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம். பிப்ரவரியில் நான் பார்த்தது அவை கன்று போடும் பருவம். நாபி ஹில் சாலையின் இரு பக்கமும், கண்ணுக்கெட்டிய தூரம், ஈரம் காயாத கன்றுகள் தள்ளாடி எழுந்து நின்றன. ஊருக்கு ஊர் போகும் பாதையே சஃபாரியாக இருந்தது. கென்யாவில் நகுருவிலிருந்து மாரா வரை ஆறு மணி நேரம் லாரிகளைத்தான் பார்த்தோம்.

மச்சினனுக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான். அப்போது அங்கே பெருமழை முடியும் நேரம், செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளியை விட்டு மந்தை கிளம்பியிருக்கும். அதனால் அவனைக் கென்யாவுக்கே போகச் சொன்னேன். நைவாஷா, நகுரு, அப்புறம் மாரா. மாரா போய்ச் சேரும் மாலையில் வாசலுக்குள் நுழையாதே, வெளியே ஒரு விடுதியில் படு, காலை 6 மணிக்கு வாசலில் முதல் வண்டியாக நில் என்று எழுதிக் கொடுத்தேன். "காலை டிபன்?" என்றான். பெட்டியில் கட்டிக் கொடுப்பார்கள் என்றேன்.