டிராக் டேக்குப் போகும் முன்: ரீமேப்பா, டயரா, பிரேக்கா?

டிராக் டே என்றால் நம் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குத் திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக நாமே காரை ஓட்டிப் போகிறோம். மாலையில் அதே காரில்தான் வீடு திரும்ப வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் வண்டியில் எதையும் மாற்ற வேண்டும். கையிலிருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் வரும் என்றால் எதைச் செய்வது?

ரீமேப்பை, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டுவதை, முதலிலேயே தள்ளிவிடலாம். டர்போ வண்டியில் இழுவை கூடும், உண்மைதான். ஆனால் 3.7 கிலோமீட்டர் டிராக்கில் நேர்பாதை முடியும் இடத்துக்கு இன்னும் வேகமாக வந்து, அதே பழைய பிரேக்கைத்தான் மிதிப்பீர்கள். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் கார் என்றால் கூடுவதும் சொற்பம்.

டயரா பிரேக்கா என்பதில்தான் நானும் ரொம்ப நாள் குழம்பினேன். நல்ல டயர் போட்டால் வளைவில் கார் ஒட்டிக்கொண்டு போகும். அந்தச் சுகமே தனி. செமி ஸ்லிக் என்ற, பந்தய டயருக்கு நெருக்கமான வழவழப்பான டயர் போட்டால் இன்னும் பிடிக்கும், ஆனால் அதில் தண்ணீர் வழியும் பள்ளக்கோடுகள் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது தேங்கிய நீரில் கார் மிதக்க ஆரம்பித்துவிடும். தினசரி வண்டிக்கு அது வேண்டாம். இருக்கும் டயர் ஓரம் தேயாமல், வெடிப்பு இல்லாமல் இருந்தால் முதல் டிராக் டேக்கு அதுவே போதும்.

பிரேக் அப்படி இல்லை. என் முதல் டிராக் டேயில் நாலாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே இறங்கியது. பேட் (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) புதிதுதான், பிரேக் ஆயில்தான் பழசு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நம்மூர் கடற்காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அது 155க்கு இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி சேரும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் தரையைத் தொடுகிறது.

டாட் 5.1 போட்டால் அந்த எண்கள் 260, 180. டாட் 4 கேட்கும் வண்டியில் இதைத் தாராளமாக ஊற்றலாம். பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான், இவற்றோடு சேராது. டப்பாவில் மேலாக ஊற்றி நிரப்புவதும் பயனில்லை. நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். சின்ன காருக்கு ஒரு லிட்டர் போதும்.

பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி நிற்க மறுத்தால், அது பேட் சூடேறிய கோளாறு. அதற்காக ரேஸ் பேட் வாங்க வேண்டாம். சூடானால்தான் அது கடிக்கும், காலையில் ராஜீவ் காந்தி சிக்னலில் அது உதவாது. சாலைக்கும் டிராக்குக்கும் நடுவே தாங்கும் பேட் கிடைக்கிறது. ஆயிலோடு அதையும் சேர்த்தால் என் கணக்கில் பிரேக்குக்குத்தான் முதல் இடம்.

அப்புறம், கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற விடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள். டிராக்கில் சூடு ஏறியதும் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கியிருப்பீர்கள். ஊருக்குக் கிளம்பும் முன் அதை மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள்.