நடந்து நடந்து படித்த இத்தாலியன்: நான்கு செமஸ்டர் அனுபவம்

பல்கலைக்கழகத்தில் இத்தாலியன் எடுத்து நான்கு செமஸ்டர் முடிந்துவிட்டது. முதல் மாதத்திலிருந்தே இருப்பிடம் சார்ந்த மொபைல் விளையாட்டுகளைப் படிப்போடு சேர்த்துப் பயன்படுத்தி வருகிறேன். "விளையாடினா மொழி வந்துடுமா?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். வரும். ஆனால் எது வரும், எது வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொடங்கியது 'போக்கிமான் கோ' என்ற விளையாட்டில்: வெளியே நடந்து, போன் திரையில் தோன்றும் போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடிக்க வேண்டும். 2016-இல் வந்தது, ஏற்கெனவே என் போனில் இருந்தது. போனின் மொழியை இத்தாலியனுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். போக்கிமான்களின் பெயர்கள் இத்தாலியனிலும் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களேதான், அவற்றில் கற்க ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் மாறிவிடும். முட்டை 'உவோவோ'. பல முட்டைகள் என்றால் 'உவோவா'. ஒருமையில் ஆண்பாலாக இருந்து பன்மையில் பெண்பாலாகிவிடும் சொல் இது. பாடப்புத்தகத்தின் விதிவிலக்குப் பட்டியலில் படித்தபோது மனதில் தங்கவில்லை. 5 கிலோமீட்டர் நடந்தால்தான் குஞ்சு பொரிக்கும் விளையாட்டு முட்டை ஒன்றைப் பொரிக்க வைத்த பிறகு மறக்கவே இல்லை.

விளையாட்டில் சேரும் நட்சத்திரத் தூளுக்கு 'போல்வெரே தி ஸ்தெல்லே' என்று பெயர். சில மாதம் கழித்து ஒரு வாசிப்புப் பகுதியில் 'ஆஸ்பிரபோல்வெரே' என்ற சொல் வந்தது. அகராதியைத் தொடாமலே புரிந்தது: தூசி உறிஞ்சி. நாம் தூசியை முன்னால் வைத்து உறிஞ்சியைப் பின்னால் வைக்கிறோம், மரங்கொத்தி மாதிரி. அவர்கள் வினையை முதலில் வைக்கிறார்கள். தீயைக் கக்கும் தாக்குதலின் பெயரான 'லாஞ்சஃபியாம்மே'யும் அதே அச்சுதான்: வீசு, பிறகு தீச்சுவாலை. இப்படி ஒன்றைப் பிடித்தால் பத்து சொல் கூடவே வரும்.

ஒன்றரை மாதத்தில் இந்த வேகம் நின்றுவிட்டது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் கண் எழுத்தைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது. திரையில் இருப்பது இத்தாலியனாக இருந்தாலும் ஒன்றுதான், வேறு மொழியாக இருந்தாலும் ஒன்றுதான். தனியாக விளையாடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும்.

இரண்டாவது செமஸ்டரில் எங்கள் ஆசிரியை வளாகத்துக்கென்றே ஒரு விளையாட்டு தயாரித்தார். வரைபடத்தில் பன்னிரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றையும் நெருங்கினால் ஒரு குறிப்பு திறக்கும். இந்த முறை முன்பே சோதிக்கப்பட்டதுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2009-இல் 'மென்டிரா' என்ற விளையாட்டை வைத்து, மாணவர்களை ஆல்புகர்க்கியின் ஒரு குடியிருப்புப் பகுதியில் நடக்கவிட்டு, ஒரு கொலை மர்மத்தைத் துப்பறிய வைத்து ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு விதி எளிது. இருவர் ஓர் அணி. போன் வைத்திருப்பவர் பின்னால் வந்து வழி சொல்வார். முன்னால் நடப்பவர் திரையைப் பார்க்கக் கூடாது. என் தோழி "வாய் த்ரித்தோ" என்றாள். நேராகப் போ என்று அர்த்தம். என் காதில் 'தெஸ்த்ரா' என்று விழுந்தது. வலது பக்கம் திரும்பி, சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவர் வரைக்கும் போய் நின்றேன். "ஏய், த்ரித்தோடி! தெஸ்த்ரா இல்ல!" என்று பின்னாலிருந்து கத்தினாள். அடுத்த திருப்பத்தில் நானே நின்று "ஆ தெஸ்த்ரா ஓ த்ரித்தோ?" என்று கேட்டேன். "செம்ப்ரே த்ரித்தோ", நேராகவே போ, என்று பதில் வந்தது. சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்பது, திரும்பச் சொல்லச் சொல்வது, சொன்னதை உறுதிப்படுத்துவது எல்லாம் வகுப்பறை நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வரவில்லை. தவறாகப் புரிந்தால் தவறான இடத்தில் போய் நிற்க வேண்டியிருந்ததால்தான் வந்தது. என் வரையில் இந்த விளையாட்டுகள் கற்றுக்கொடுத்ததில் முக்கால்வாசி திரையில் இல்லை, கூட நடந்தவளின் வாயில்தான் இருந்தது.

ஒற்றை, இரட்டை மெய் வேறுபாட்டில் மட்டும் நாங்கள் திணறவே இல்லை. 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பால்லா' என்றால் பந்து. கனியையும் கன்னியையும் பிரித்துச் சொல்லி வளர்ந்த நாக்குக்கு இது பெரிய விஷயமில்லை.

மூன்றாவது செமஸ்டரில் ஜூனியர்களுக்காக நாங்களே ஒன்றைத் தயாரித்தோம். அதிகம் கற்றது அப்போதுதான். 'இடது பக்கம் திரும்பாதே' என்று எழுத நினைத்து 'நோன் ஜீரா' என்று எழுதிவிட்டோம். அதற்கு 'அவன் திரும்புவதில்லை' என்று பொருள். ஒருவரிடம் 'செய்யாதே' என்று சொல்ல வினையின் மூல வடிவம் வேண்டும்: 'நோன் ஜிராரே'. நூலகத்தில் என்பதற்கு 'இன் பிப்லியோத்தேக்கா', சார்படை (ஆங்கிலத்தின் 'the' போன்ற சொல்) இல்லை. பெஞ்சின் மேல் என்றால் 'சுல்லா பாங்கீனா', அங்கே சார்படை முன்னிடைச்சொல்லோடு (ஆங்கிலத்தின் 'on', 'in' போன்றது) ஒட்டிக்கொள்கிறது. நமக்கு வேற்றுமை உருபு சொல்லின் வாலில் வரும், அங்கே தலையில். பன்னிரண்டு இடங்களுக்குக் குறிப்பு எழுதி, ஒவ்வொரு இடத்திலும் நேரில் நின்று சரிபார்த்த பிறகு முன்னிடைச்சொற்கள் ஓரளவு வசமாயின.

தொழில்நுட்பத்தில் ஒரு பாடம். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். உயரமான கட்டடத்துக்குப் பக்கத்தில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் அது கெட்டுவிடும். குறிப்பு திறப்பதற்கு ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நாங்கள் 10 மீட்டர் வட்டம் வைத்திருந்தோம். ஜூனியர்கள் சரியான மரத்தடியில் நின்றும் குறிப்பு திறக்கவில்லை, பாவம், பத்து நிமிடம் மரத்தையே சுற்றினார்கள். வட்டத்தை 30 மீட்டராக்கியதும் சரியானது. பேட்டரி வேகமாகத் தீரும், பவர் பேங்க் கட்டாயம்.

காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு தோழியால் நடக்க முடியவில்லை. அவளை விட்டுவிட்டு விளையாட எங்களுக்கு மனம் வரவில்லை. வகுப்பறையில் வரைபடத்தோடு உட்காரவைத்து, போன் அழைப்பில் எங்களை வழிநடத்தச் சொன்னோம். அன்று அதிகம் இத்தாலியன் பேசியது அவள்தான். அதற்குப் பிறகு எல்லா அணிக்கும் அப்படி ஒரு மூன்றாவது ஆளை வைத்துவிட்டோம்.

வராதது என்ன? 'கொஞ்சுந்தீவோ' எனப்படும் ஐயப்பாட்டு வினைவடிவத்துக்கு வழிகேட்கும் பேச்சில் வேலையே இல்லை, அது புத்தகத்திலிருந்துதான் வந்தது. நீண்ட கட்டுரை எழுதவும் விளையாட்டு உதவாது. இறந்தகாலத்துக்கு மட்டும் ஒரு வழி கண்டேன்: ஒவ்வொரு நடைக்குப் பிறகும் ஐந்து வரி நாட்குறிப்பு. போனேன் என்றால் 'சோனோ அந்தாத்தா', வந்துசேர்ந்தேன் என்றால் 'சோனோ அர்ரிவாத்தா', ஆனால் நடந்தேன் என்றால் 'ஓ கம்மினாத்தோ', துணைவினை 'சோனோ' இல்லை, 'ஓ'. நடப்பதும் நகர்வுதானே என்று எண்ணி நான் பலமுறை தவறிய இடம் இது.

ஏ1, ஏ2 எனப்படும் தொடக்க நிலைகளில் இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கூட நடக்க ஒருவரைத் தேடிக்கொண்டு தொடங்குங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் போனின் மொழியை மாற்றி ஆறு வாரம் விளையாடிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.