பரணில் ஒரு கேம்கார்டர்: வில் வேட்டையைத் தனியாளாகப் படம்பிடித்த நான்கு பருவங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்கி நவம்பர் 14 வரை நீடிக்கும். அதன் பிறகு துப்பாக்கிக்காரர்களின் முறை. டிசம்பரில் மீண்டும் வில். இங்கே குடியேறிய பிறகுதான் நான் வில்லைக் கையில் எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். பாதுகாப்பு வகுப்பில் தேறி உரிமம் வாங்கினேன். மக்காச்சோள வயலை ஒட்டிய ஓக் தோப்பில் பரண் கட்டிக்கொள்ள ஒரு விவசாயி அனுமதித்தார். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு இடமில்லை. ஆகவே வேட்டைக்கு உரிமம் தரும் நாடுகளில் இருந்துகொண்டு, முதல் கேமரா வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் என்னிடம் இருந்தது ஒரு சின்ன ஆக்‌ஷன் கேமரா மட்டும். வில்லிலேயே அதைப் பொருத்தியிருந்தேன். 20 கஜத்தில் நின்ற வெள்ளைவால் மான் திரையில் ஓர் எறும்பின் அளவுக்குத்தான் தெரிந்தது. அகலக் கோண லென்ஸின் இயல்பு அது. அந்தக் கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்பை விட்ட கணத்தில் வில் அதிர்ந்து படமும் கலங்கிவிட்டது. அந்தக் கேமராவை இப்போது தலைக்குப் பின்னால் மரத்தில் பொருத்துகிறேன். நாணை இழுக்கும்போது என் முழங்கை தாழ்ந்துபோவதை அதுதான் எனக்குக் காட்டியது. இரண்டாவது கேமராவாக அருமையானது, முதல் கேமராவாக வாங்க வேண்டாம்.

இரண்டாம் பருவத்துக்கு முன் 1,000 டாலர் ஒதுக்கினேன். சோனி ஏஎக்ஸ்53 கேம்கார்டர் ஒன்றைப் பழையதாக 500 டாலருக்கு வாங்கினேன். மரத்தில் பொருத்தும் கேமரா கைக்கு 220, கேமராவை அதிராமல் திருப்ப உதவும் சிறிய ஃப்ளூயிட் ஹெட்டுக்கு 130, மீதி மைக்குக்கும் பேட்டரிக்கும் கார்டுக்கும் போனது. நண்பர்கள் பலர் லென்ஸ் மாற்றும் கேமராவைத்தான் பரிந்துரைத்தார்கள். மாலை வெளிச்சத்தில் அதன் பெரிய சென்சார் கேம்கார்டரை எளிதில் வென்றுவிடும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் 20 மடங்கு ஸூமுக்கு ஈடான லென்ஸ் வாங்கப் போனால் கனமும் விலையும் எகிறிவிடும். பரணில் இருப்பவனுக்கு ஓய்வாக இருப்பது ஒரு கைதான். இடக்கையில் வில் இருக்கும். வலக்கைக் கட்டைவிரலால் ஸூமையும் பதிவையும் இயக்கிவிட்டு, அதே கையை நாணுக்குக் கொண்டுபோக வேண்டும். கேம்கார்டர் இதற்கென்றே அமைந்த கருவி.

வாங்கியதும் முதல் வேலையாக மூன்றை அணைத்துவிடுங்கள்: முன்பக்கச் சிவப்பு விளக்கு, பீப் ஒலி, திரையின் கூடுதல் வெளிச்சம். விடியலுக்கு முன் இருட்டில் அந்தத் திரை உங்கள் முகத்தை விளக்குப் போட்டுக் காட்டிவிடும்.

ஃபோகஸ் விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். ஒரு நவம்பர் காலை, புல்லெல்லாம் உறைபனி. கொம்புள்ள கலைமான் ஒன்று வலப்பக்கப் புதரிலிருந்து வெளியே வந்தது. மூச்சு ஆவியாகப் போவதுகூட எனக்குத் தெரிந்தது. நானும் பதிவைத் தொடங்கினேன். கேமராவுக்கும் மானுக்கும் நடுவில் பென்சில் தடிமனில் ஒரு மேப்பிள் கிளை. அதன் நுனியில் உதிராத ஒற்றை இலை. ஆட்டோஃபோகஸ் அந்த இலையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இலையின் நரம்புகள் துல்லியமாகத் தெரிய, பின்னால் மான் வெறும் பழுப்புக் கறையாக நடந்து போனது. நான் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே 18 கஜத்தில் நின்ற விலங்கு மறைந்துவிட்டது. அன்றிலிருந்து பரணில் அமர்ந்ததும், மான் வரக்கூடிய தடத்தில் உள்ள மரங்களை ஸூம் செய்து கையால் ஃபோகஸ் வைத்துப் பழகுகிறேன். லென்ஸைச் சுற்றி ஃபோகஸ் வளையம் இல்லாத கேமராவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

ஆனால் நான் கஞ்சத்தனம் காட்டக் கூடாது என்று சொல்வது கேமராவில் அல்ல, கேமரா கையில். முதலில் வாங்கிய கையின் மூட்டுகள் உறைகுளிரில் முனகின. ஒருமுறை அதை விரல் நீளம்தான் நகர்த்தியிருப்பேன். கீழே மேய்ந்த பிணைமானின் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. அடுத்த நொடி முன்காலைத் தரையில் தட்டியது. அதோடு அன்றைய வேட்டை முடிந்தது. அதை விற்றுவிட்டு, கனமான அலுமினியக் கை ஒன்றுக்குக் கூடுதலாக 80 டாலர் கொடுத்தேன். மூட்டுகளில் துணி டேப்பும் சுற்றிவைத்தேன். நிறுவும்போது கையை மட்டமாக வையுங்கள்; சற்றே சரிந்தாலும் கேமரா தானாகச் சுழன்றுவிடும். வில்லின் கீழ்முனை அதில் இடிக்கிறதா என்பதை வீட்டு மரத்திலேயே சோதித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது எதையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். முதலில் பாதுகாப்பு வார், பிறகுதான் கயிற்றில் கட்டிய பையை மேலே இழுப்பது.

மைக்குக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ரோடு நிறுவனத்தின் வீடியோமைக்ரோ போன்ற, பேட்டரி தேவைப்படாத ஒன்று போதும். மேலே உரோம உறை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் பதிவாகாது. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். வீடு திரும்பும்போது கேமராவைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடிய பிறகே உள்ளே எடுத்துப்போங்கள். சூடான அறையின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

4கே பற்றிப் பலரும் கேட்கிறார்கள். என் கேமராவில் 4கே என்றால் நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான். எச்டி என்றால் 60 கிடைக்கும். என் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் போகிறது. 20 கஜத்தைக் கடக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். 30 ஃபிரேமில் அந்தப் பயணம் முழுவதும் ஆறே படங்கள், 60இல் பன்னிரண்டு. நான் எச்டியில்தான் எடுக்கிறேன். அம்பின் வாலில், நாண் பொருந்தும் இடத்தில், பச்சையாக ஒளிரும் முனை ஒன்றையும் பொருத்திக்கொண்டேன்.

அந்தப் பன்னிரண்டு படங்களுக்காகத்தான் இவ்வளவு பாடும் என்பதை இரண்டாம் பருவத்தில், அக்டோபர் கடைசியில் ஒரு மாலை தெரிந்துகொண்டேன். 22 கஜத்தில் ஒரு கலைமான். விட்ட அம்பு தோளுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரலில் பட்டது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். உடனே இறங்கித் தேட நினைத்தவன், கை நடுக்கம் அடங்கட்டும் என்று பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தேன். பச்சை ஒளி நான் நினைத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் போய் மறைந்தது. ஈரல். அப்படிப் பட்ட மான் பக்கத்திலேயே எங்கேனும் படுத்துவிடும். உடனே பின்தொடர்ந்தால் எழுந்து வெகுதூரம் ஓடி, யார் கையிலும் கிடைக்காமல் செத்துப்போகும். பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இறங்கி, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடச் சொன்னார். அன்றிரவு நான் தூங்கவில்லை. உறைநிலைக்குக் கீழே குளிர் இறங்கியிருந்ததால் இறைச்சி கெட்டுவிடுமோ என்ற பயம் மட்டும் இல்லை. விடிந்ததும் இருவரும் போனோம். அம்பு பட்ட இடத்திலிருந்து 120 கஜத்தில், படுத்த இடத்திலேயே இறந்துகிடந்தது. கேமரா இல்லாதிருந்தால் அந்த மானை நான் இழந்திருப்பேன்; அதுவும் வீணாகச் செத்திருக்கும்.

இதனால்தான் வெளிச்சம் பற்றி எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். மிச்சிகனில் சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம்வரை அம்பு விடச் சட்டம் அனுமதிக்கிறது. சிறிய சென்சார் கொண்ட கேம்கார்டருக்கு அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே பார்வை மங்கிவிடும். கூடுதல் வெளிச்சம் பிடிக்க ஷட்டரை 1/30 நொடிக்கு இறக்கிப் பார்த்தேன். அம்பு ஒரு கீற்றாக இழுபட்டுப்போனது. திரையில் மானின் தோள் தெளிவாகத் தெரியவில்லை என்றால், என் கண்ணுக்குத் தெரிந்தாலும் நாணை இழுப்பதில்லை. கடந்த பருவத்தில் அப்படி மூன்று முறை வில்லைக் கொக்கியில் மாட்டிவிட்டு, இருட்டும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பருவம் உழைத்த பிறகும் கேம்கார்டரின் ஃபோகஸ் வளையம் கொஞ்சமும் தளரவில்லை. பேட்டரிதான் பாதி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. செப்டம்பருக்குள் புதிதாக இரண்டு வாங்க வேண்டும்; கேமரா கையின் டேப்பையும் மாற்றியாக வேண்டும்.