புள்ளி விழுங்கும் பிரிண்டர்: மூன்றரை வருட அனுபவம்

பென்னாகரம் பக்கம் ஊழியம் செய்யும் ஒரு தம்பி ஒரு மாதத்துக்கு முன் போன் செய்தார். "ஐயா, நீங்க சபை அறிக்கை அடிக்கிற அதே பிரிண்டர் ஆஃபர்ல விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் என் பிரிண்டர் கிருஷ்ணகிரியில் ஒரு ரிப்பேர் கடை மேசையில் மூடி கழற்றிக் கிடந்தது. கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து, "அப்புறம் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அவரைப் போல யோசிக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

நான்கு நிற மையைப் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்ளும் சாதாரண இங்க் டேங்க் பிரிண்டர் இது. ஸ்கேனர், ஜெராக்ஸ் உண்டு. இரண்டு பக்கமும் தானாக அடிக்காது, தாள் கட்டை நாம்தான் திருப்பி வைக்க வேண்டும். மற்ற விவரமெல்லாம் பெட்டியின் மேலேயே இருப்பதால் அதற்குள் போகவில்லை.

எங்கள் சபை காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையில் இருக்கிறது. 90 குடும்பங்கள். வாரம் ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சடித்து நடுவில் மடித்துக் கொடுப்பேன். அந்த வார வசனம், வீட்டு ஜெபம் எந்த நாள் யார் வீட்டில், நோயாளிகள் பெயர், காணிக்கைக் கணக்கு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம், பிறந்த நாள், திருமண நாள் எல்லாம் அதில் இருக்கும். முன்பு பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 1 ரூபாய் வீதம் வாரம் 180 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வருடத்துக்குப் பத்து ரீம் தாளும் இரண்டு பாட்டில் கருப்பு மையும் போதும். செலவில் இந்த இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்கிறார்கள். எங்கள் சபைக்கும் குழு இருக்கிறது. சாவுச் செய்தி, அவசர ரத்தம், மழையால் கூட்டம் ரத்து என்றால் அதில்தான் போடுவேன், ஐந்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் மகனோடு ஓசூர் கம்பெனிக்குப் போய்விடுகிறது. போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமையில் கூடுவதால் ஆடு வளர்க்கும் நாலைந்து குடும்பங்களில் ஆண்கள் ஆராதனைக்கு வர முடிவதில்லை, அவர்கள் மனைவி தாளை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் குடும்பங்கள் மாதம் ஒருமுறை வரும்போது முதலில் கேட்பது, "விட்ட வாரத்துத் தாள் இருக்கா ஐயா?" என்றுதான். அவர்களுக்கென்று வாரம் ஐந்து தாள் கூடுதலாக அடித்து வைத்திருப்பேன். வேதாகமத்துக்குள் நாலு வருடத் தாளையும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஜெராக்ஸ் கடைக் காலத்துத் தாள்கூட இருக்கிறது. போனில் வந்த செய்தியை யாரும் அப்படி வைத்துக்கொள்வதில்லை.

ஒரு சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் கருப்பு மை மட்டும் பிக்மென்ட் வகை, காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. ஐப்பசி மழையில் ஒரு அம்மா சேலை முந்தானையில் முடிந்து கொண்டுபோன தாள் முழுக்க நனைந்துவிட்டது. மேலே நீல நிறத்தில் இருந்த சபைப் பெயர் கரைந்து ஒழுகியது. கீழே இருந்த கருப்பு எழுத்தில் ஒன்றுகூடக் கலங்கவில்லை. அன்றிலிருந்து முக்கியமான எதையும் நிறத்தில் அடிப்பதில்லை.

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன்.

இந்த இயந்திரம் சனிக்கிழமை இரவு மட்டும் வேலை செய்கிறது, மீதி ஆறு நாள் சும்மா இருக்கிறது. ஆலயத்தை ஒட்டிய அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வைகாசியில் உள்ளே கால் வைக்க முடியாது. ஆறு நாள் அந்தச் சூட்டில் கிடந்தபின் சனிக்கிழமை எட்டு மணிக்கு முதல் தாளை எடுத்தால் வரி நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியிருக்கும். ஆங்கில எழுத்தாக இருந்தால் பெரிதாகத் தெரியாது. தமிழில் அந்தக் கோடு எழுத்தின் தலைக்கு மேல் போனால் புள்ளி போய்விடும். "கர்த்தர்" என்பது "கரததர" என்று வந்து நிற்கும். ஒரு போதகனுக்கு அந்தச் சொல்லை அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஆறுதலாக, "ஓலைச்சுவடியில புள்ளியே கிடையாது ஐயா. எழுத்தாணியால குத்தினா ஓலை கிழியும்னு வைக்காம விட்டாங்க. நம்ம ஆளுங்க அப்படியே படிச்சாங்களே" என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் சுவடி படித்தவர்கள் பழகிய புலவர்கள். எங்கள் சபையில் எல்லாரும் அவ்வா என்று கூப்பிடும் ஒரு மூதாட்டி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது தெருவிளக்கு வெளிச்சத்தில் தமிழ் எழுத்துக் கற்றவர். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். புள்ளி இல்லாத இடத்தில் அவர் விரல் நின்றுவிடும். "ஐயா, இது என்னா எழுத்து?" என்று கேட்பார். நாற்பது வயதுக்கு மேல் கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்தை என் பிரிண்டர் அவரிடமிருந்து பிடுங்குவதுபோல் இருக்கும்.

புள்ளியோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு ஆடி மாதம், 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைத் தாளில், கணவரை இழந்த ஒரு சகோதரி வீட்டில் முதல் வருட நினைவு ஜெபம் 27ஆம் தேதி மாலை என்று போட்டிருந்தேன். வெள்ளைக் கோடு அந்த வரியின் மேல்பக்கம் ஓடியதில் 7இன் மேல்கோடு அழிந்து, பாதித் தாள்களில் 21 என்று வந்துவிட்டது. கிழமையைப் போடாதது என் தவறு. திங்கள்கிழமை மாலை பக்கத்து ஊரிலிருந்து நான்கு பெண்கள் டவுன் பஸ் பிடித்து வந்து பூட்டிய வீட்டின் முன் இருட்டும்வரை நின்றிருக்கிறார்கள். அந்தச் சகோதரி மாங்கூழ் ஃபேக்டரியில் இரவு ஷிப்டில் இருந்தார். 27ஆம் தேதி அந்த நான்கு பேரில் இரண்டு பேரால்தான் மறுபடி கூலி வேலையை விட்டு வர முடிந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது.

கோடு வந்தால் ஹெட் கிளீனிங், அதாவது மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் கட்டளை, கொடு என்று கம்ப்யூட்டர் சொல்லும். நானும் கொடுத்தேன், வாராவாரம், சில சனிக்கிழமைகளில் நான்கு முறை. அந்த மையெல்லாம் எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை. போன மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, 30 தாள் அடித்தபின், எல்லா விளக்கும் ஒன்றாக மின்னி இயந்திரம் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன், பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், ஜெபமும் செய்தேன். அசையவில்லை. மறுநாள் காலை எந்த ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்கவில்லை. முப்பது தாளை முதியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்காக எல்லாவற்றையும் பீடத்தில் நின்று வாசித்தேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இயந்திரத்தை விட்டுவிட்டுப் போங்கள், பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் என்றால் இரண்டு ஞாயிறு. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு சிறிய கடையில் ஒரு பையன் உடனே பிரித்துக் காட்டினான். அடியில் ஒரு கனமான பஞ்சு, வேஸ்ட் இங்க் பேட் என்கிறார்கள், கருப்பும் சிவப்புமாக ஊறிச் சொதசொதவென்று இருந்தது. "இதெல்லாம் நீங்க கிளீனிங் அடிச்ச மைதான் ஐயா. ஒவ்வொரு தடவையும் பம்ப் உறிஞ்சி இங்கதான் தள்ளும். எவ்வளவு தள்ளுச்சுன்னு மெஷின் எண்ணிக்கிட்டே இருக்கும். கணக்கு முடிஞ்சா தானா பூட்டிக்கும்" என்றான். பஞ்சை மாற்றி, கணக்கை ரீசெட் செய்து, 650 ரூபாய் வாங்கிக்கொண்டான். மூன்று நாளில் கொடுத்துவிட்டான்.

அவன் சொன்ன இன்னொரு விஷயம் அந்த 650க்கும் மேல் மதிப்புள்ளது. அறையைப் பூட்டும்போது தீ பயத்தில் மெயின் சுவிட்சை அணைப்பது எங்கள் வழக்கம். பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனில் அணைத்தால் ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடிக்குள் ஒழுங்காக உட்காரும். மெயினைப் பிடுங்கினால் சில சமயம் சரியாக மூடாமல் நின்றுவிடும், மை காற்றில் காய்ந்து, அது வெளிவரும் நுண்ணிய துளையான நாசில் அடைத்துக்கொள்ளும். மூன்றரை வருடம் இதைத்தான் செய்திருக்கிறோம். இந்த ஒரு வரியைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் என்ன?

அப்புறம், மூன்று நாளுக்கு ஒருமுறையாவது எல்லா நிறத்திலும் ஒரு தாள் அடிக்கச் சொன்னான். சும்மா அடித்துக் கிழித்துப் போட மனம் வரவில்லை. அதனால் புதன்கிழமையில் எட்டுத் தாள் அடிக்கிறேன், 22 பாயிண்ட் எழுத்தில், வீட்டை விட்டு வர முடியாத எட்டுப் பேருக்கு. ஒரு வசனம், இரண்டு செய்தி, ஓரத்தில் பிள்ளைகள் வரைந்த ஒரு வண்ணப் பூ. இடம் மிச்சம் பிடிக்க ஞாயிறு தாளில் எழுத்தை 10 பாயிண்டுக்குக் குறைத்திருந்தேன். தரங்கம்பாடியில் 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர்களும் காகிதப் பஞ்சத்தால் எழுத்தைச் சிறிதாக்கினார்கள் என்று நினைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். பெரிய எழுத்தில் புள்ளியும் பெரிதாக இருப்பதால் கோடு ஓடினாலும் முழுதாக அழிவதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. முதல் புதன்கிழமைத் தாளை அவ்வா விரல் நிற்காமல் கடைசிவரை படித்தார். படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து சத்தமாகப் படித்தார்.

ரிப்பேருக்குப் பின் நான்கு வாரமாக ஒரு கோடுகூட வரவில்லை. மை மிச்சம், செலவு மிச்சம், புதன்கிழமைத் தாள் என்று புதிதாக ஒரு நன்மையும் கிடைத்திருக்கிறது. எல்லாம் நியாயமாகக் கூட்டிப் பார்த்தால் நல்ல இயந்திரம்தான்.

ஆனாலும் அந்தத் தம்பிக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். "வாரம் ஒருமுறை மட்டும் அடிக்கிற சபைக்கு இது ஒத்துவராது தம்பி. கருப்பு மட்டும் அடிக்கிற லேசர், பழையதா இருந்தாலும் பரவாயில்லை, அதை வாங்குங்க. அதுல தூள்தான், காய்ஞ்சு அடைக்கிற மை கிடையாது" என்றேன். "நீங்க மாத்தப்போறீங்களா ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எனக்கு மட்டும் ஏன் வேண்டாம்ங்கறீங்க?" என்றார். பூட்டிய வீட்டின் முன் நின்ற அந்த நான்கு பெண்களைப் பற்றி அவருக்குச் சொன்னேன். எந்தப் பிரிண்டர் வாங்கினாலும் தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.